ஜெராக்ஸ் செல்லாது

தம்பி, காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வச்சுக்கங்க. மூட்டை இல்ல அது, மெஷின். போர்வை சுத்தி வச்சிருக்கேன். ஆக்சிஜன் மெஷின், கொரோனா சமயத்துல டிவியில காட்டினானே, அதுதான். சும்மா இருக்குற காத்துல இருந்தே ஆக்சிஜனைத் தனியாப் பிரிச்சு மூக்குக்கு அனுப்பும். பதினஞ்சு கிலோ. கண்டக்டர் பின்னாடி போடுங்க, டிரைவர் பக்கத்துல போடுங்கன்னு என்னென்னமோ சொல்லிப் பாத்தான். லக்கேஜ் டிக்கெட் வேணும்னா கிழிச்சுக்கப்பா, என் கால்கிட்டயேதான் இருக்கும்னுட்டேன். ரிப்பேர் பாத்து இப்பத்தான் வாங்கிட்டு வர்றேன். வாரண்டியில. ஒத்தப் பைசா குடுக்கல. விட்டேனா பாருங்க!

நீங்க எங்க இறங்கணும், காரியாபட்டியா? நான் அருப்புக்கோட்டை. சரி, காரியாபட்டி வரைக்கும் பேச்சுத் துணையாச்சு.

என் பேரு கோட்டைச்சாமி. பத்திரப் பதிவு ஆபீஸ்ல ரெக்கார்டு கிளார்க்கா இருந்தேன். முப்பத்தோரு வருஷம், நாலு ஊரு. ரிட்டயர் ஆகி ஏழு வருஷம் ஆச்சு. அந்த முப்பத்தோரு வருஷத்துல ஒரு காகிதம், ஒரே ஒரு காகிதம் கோட்டைச்சாமி கையில தொலைஞ்சதுன்னு எவனாவது சொல்லட்டும், மீசையை எடுத்துர்றேன். வீட்டுலயும் அப்படித்தான். மிக்ஸி பில்லு, ஃபேன் பில்லு, மக கல்யாணத்துக்குப் பந்தல் போட்ட ரசீது, எல்லாத்துக்கும் ஃபைலு, ஃபைலுக்கு மேல லேபிள். அப்படிப்பட்ட என்னைப் பாத்து பில்லு இருக்கான்னு கேட்டாங்க தம்பி. மூணு மாசம் நாயா பேயா அலைய விட்டாங்க.

மெஷினு என் சம்சாரத்துக்கு. தனபாக்கியம். ஸ்பின்னிங் மில்லுல இருபத்திரெண்டு வருஷம் வேலை பாத்தவ. அங்க பஞ்சுத் தூசியைத்தானே மூச்சா இழுக்கணும். அம்பத்தெட்டு வயசுல இருமல் வந்துச்சு, அப்புறம் மூச்சு வாங்க ஆரம்பிச்சுச்சு. டாக்டர் நெஞ்சு எக்ஸ்ரே படத்தைத் தூக்கி வெளிச்சத்துல காட்டினார். ரெண்டு பக்கமும் போச்சுய்யா, இனிமே ஒரு நாளைக்குப் பதினஞ்சு மணி நேரம் ஆக்சிஜன் இல்லாம முடியாதுன்னுட்டார். மக செல்வராணி திருப்பூர்ல இருக்கா. அவளும் நானுமாச் சேந்து மெஷினு எடுத்தோம். இங்க மதுரையிலதான், ஒரு சர்ஜிகல் கடையில. போன வருஷம் ஜனவரி இருபத்திரெண்டு. ரெண்டு வருஷம் வாரண்டி.

மெஷினு வந்ததும் அவ ஆளே மாறிட்டா. குழாயை மூக்குல மாட்டிக்கிட்டு வாசல் வரைக்கும் தானே நடந்து வருவா. கீரைக்காரிகிட்ட பேரம் பேசுவா. பேச்சுன்னா சும்மா பேச்சு இல்ல, மில்லுல மெஷின் சத்தத்துக்கு மேல கத்திப் பழகினவல்ல, தெருவே கேக்கும். மெஷினைக் குழந்தை மாதிரி பாத்துக்குவா. பின்னாடி ஒரு சின்ன மூடி இருக்கு, அதுக்குள்ள ஃபில்டர்னு ஒரு ஸ்பாஞ்சு. வாராவாரம் அதைக் கழுவிக் காயவச்சு மாட்டணும். வெள்ளிக்கிழமை தவறாம கழுவிருவா. அது அவ டிபார்ட்மெண்ட். நான் அந்த மூடியைத் தொட்டதே இல்ல. காகிதம் என் டிபார்ட்மெண்ட்.

அந்த பில்லு இருக்குல்ல, அது இம்புட்டுண்டு சீட்டு. மெஷின்ல இருந்து கிர்ருனு வருமே, வழுவழுன்னு, அந்தச் சீட்டு. நாள் ஆக ஆக எழுத்து அழிஞ்சுரும்னு எனக்குத் தெரியாதா? அதனால வாங்கின மறுநாளே தாலுகா ஆபீஸுக்கு எதுத்தாப்புல இருக்குற கடையில லேமினேஷன் போடக் குடுத்தேன். அந்தப் பொம்பளை சீட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, அண்ணாச்சி, இந்தப் பேப்பர் சூடு பட்டா கறுத்துரும், வேண்டாம்னுச்சு. ஏம்மா, நான் முப்பத்தோரு வருஷம் ரெக்கார்டு பாத்தவன், எனக்கே பேப்பர் பத்தி சொல்றியா, போடுன்னேன். போட்டுச்சு. வெளிய வரும்போது தோசைக்கல்லு மாதிரி வருது! ஒரு எழுத்து தெரியல. தெரிஞ்சவ என்ன செய்யணும்? முடியாதுன்னு கறாரா சொல்லியிருக்கணும்ல? நான் சொன்னேனாம், இவ போட்டுட்டாளாம். நல்லா வாங்கு வாங்குன்னு வாங்கிட்டு வந்தேன்.

என்ன இருந்தாலும் ஒரிஜினல் ஒரிஜினல்தானே. கறுத்துப் போனா என்ன, காகிதம் அதே காகிதம். ஃபைல்ல வச்சு லேபிள் ஒட்டினேன்: ஆக்சிஜன் மெஷின், ஒரிஜினல் பில். பாக்கியம் எட்டிப் பாத்துட்டு சிரிச்சா. ஏங்க, நான்கூட ஒண்ணு... அப்படின்னு ஏதோ சொல்ல வந்தா. என்னை நக்கல் பண்ணப் போறான்னு நினைச்சு, இந்த வீட்டுல இனிமே பில்லைப் பத்திப் பேச்சே எடுக்கக் கூடாதுன்னுட்டேன். எடுக்கல.

பதினாறு மாசம் நல்லா ஓடுச்சு. இந்த வருஷம் மே மாசம் பத்தாம் தேதி, கத்திரி வெயிலு, மத்தியானம் கீ கீன்னு கத்திட்டு நின்னுபோச்சு. சுவிட்சைத் தட்டுறேன், பிளக்கை மாத்துறேன், ம்ஹூம். விரல்ல மாட்டுற கிளிப்பு ஒண்ணு இருக்குல்ல, ரத்தத்துல ஆக்சிஜன் எவ்வளவுன்னு காட்டுறது, அதுல தொண்ணூத்தி நாலு காட்டிக்கிட்டிருந்தவ, சாயங்காலம் எண்பத்தி அஞ்சுக்கு வந்துட்டா. தெருமுனை மெடிக்கல்காரர் நல்ல மனுஷன், வாடகைக்கு ஒரு சிலிண்டர் ஏற்பாடு பண்ணினார். ஆனா அது இந்தா அந்தான்னு தீந்துரும். அதனால காலையில ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம்னு வச்சேன். டாக்டர் பதினஞ்சுன்னு சொன்னார்தான். மெஷினு வந்துரப் போகுது, அதுவரைக்கும் சமாளிக்கணும்ல?

பதிமூணாம் தேதி மெஷினைத் தூக்கிக்கிட்டு மதுரைக்கு வந்தேன், கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு. ஏசி ரூம், டோக்கன், கவுண்டர்ல ஒரு பொண்ணு. பில் குடுங்க சார்னுச்சு. ஃபைலை எடுத்து நீட்டினேன். அந்தக் கறுப்பை இப்படிப் பாக்குது, அப்படிப் பாக்குது, வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்குது. சார், இதுல ஒண்ணுமே இல்லையேங்குது. வாங்கின கடையில கேட்டு டூப்ளிகேட் வாங்கிட்டு வாங்கன்னுச்சு. ஆட்டோ பிடிச்சுப் போனா, அந்தக் கடை இருந்த இடத்துல ஜூஸ் கடை இருக்கு. ஓனரு போனு சுவிட்ச் ஆஃப். திரும்பி வந்தேன். மெஷினுக்குப் பின்னாடிதான் சீரியல் நம்பர் இருக்கே, அதை வச்சுப் பாரும்மான்னேன். சார், அதுல ஃபேக்டரியில இருந்து எப்போ போச்சுன்னுதான் தெரியும், நீங்க எப்போ வாங்குனீங்கன்னு பில் தேதிதான் சொல்லணும், பில் இல்லாம வாரண்டியில மெஷினைத் திறக்கவே கூடாதுங்குது. காசு கட்டுறதா இருந்தா இன்னைக்கே பாத்துத் தந்துருவாங்களாம்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஒண்ணு சொல்றேன் தம்பி, உள்ளுக்குள்ள அந்தப் பொண்ணு மேல ஒரு மதிப்பு வந்துச்சு. ஏன்னா நானும் அப்படித்தானே இருந்தேன். ஒரு அம்மா, மஞ்சப்பை நிறைய ஜெராக்ஸைத் தூக்கிக்கிட்டு நாலு தடவை வந்துச்சு என்கிட்ட. புருஷன் போனப்புறம் நிலத்தைப் பேரு மாத்தணும்னு. ஜெராக்ஸ் செல்லாது, ஒரிஜினல் கொண்டாம்மான்னேன். அழுதுச்சு. அழுதா ஆச்சா? அஞ்சாவது தடவை வரல. ரூல்னா ரூல்தான். ஆனா என் விஷயம் வேற. என்கிட்ட ஒரிஜினல் இருக்கு.

அதனால காசு கட்ட மாட்டேன்னுட்டேன். கட்டியிருக்கலாம், கையில இல்லாம இல்ல, பென்ஷன் வருது. ஆனா கட்டினா என்ன அர்த்தம்? என்கிட்ட ஆதாரம் இல்லன்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி ஆகாதா? செல்வராணி போன்ல கத்துறா. அப்பா, நான் அனுப்புறேன், கட்டிட்டு வாங்கிட்டு வா, இல்லாட்டி வாடகைக்கு வேற மெஷின் எடுன்னு. வாரண்டி இருக்கும்போது வாடகை எதுக்குடி, உன் வேலையைப் பாருன்னேன்.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து சட்டையைக் கழட்டிக்கிட்டே நடந்ததைச் சொன்னேன். பாக்கியம் சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தா. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல நாலு மூச்சு. ஏங்க... ஜெராக்ஸ்... நான் எடுத்து வச்சிருக்கேன்... அப்படின்னா. அவளுக்கு ஜெராக்ஸ் பைத்தியம் தம்பி. மில்லை மூடினப்போ பி.எஃப். சீட்டு இல்லாம ரெண்டு வருஷம் அலைஞ்சா, அதுல இருந்து எதைக் கண்டாலும் ஒரு ஜெராக்ஸ் போட்டு வச்சுக்குவா. கேஸ் புக்கு, ரேஷன் கார்டு, மருந்துச் சீட்டு, எல்லாம். நான் சொன்னேன், பாக்கியம், ஜெராக்ஸ் செல்லாது, உனக்கு இதெல்லாம் தெரியாது, பேசாம இரு, பேசினா மூச்சு வாங்கும்னேன். அவ நல்லதுக்குத்தான் சொன்னேன். எங்க வச்சிருக்கன்னு கேக்கல. செல்லாத காகிதம் எங்க இருந்தா என்ன?

ரெண்டாம் தடவை மே இருபத்தெட்டு. இந்தத் தடவை முத்திரைத்தாள்ல ஒரு பிரமாணப் பத்திரம் எழுதிக்கிட்டுப் போனேன், நானே எழுதினது. கீழ்க்கண்ட சொத்து விவரம்னு ஆரம்பிச்சு, மெஷின் நிறம், எடை, சீரியல் நம்பர், எல்லைகளைத் தவிர எல்லாம் எழுதியிருந்தேன். நோட்டரி முத்திரை வேற. அந்தப் பொண்ணு முழுசாப் படிச்சுச்சு. சார், இது நீங்களே உங்களைப் பத்தி எழுதிக் குடுக்குறதுதானே, வேற ஏதாவது இருக்கான்னு கேட்டுச்சு. வேற என்னம்மா இருக்கும், ஒரிஜினலே இதுதான்னு கறுப்பைத் தூக்கி மேஜையில போட்டேன். கையை விரிச்சிருச்சு.

மெஷினு மறுபடியும் வீட்டுக்கு வந்துச்சு. கட்டிலுக்குப் பக்கத்துல சிவனேன்னு நிக்கும். ஒரு வேடிக்கை கேளுங்க. அந்த ஓடாத மெஷினுக்கும் இவ வெள்ளிக்கிழமையானா ஃபில்டர் கழுவுறா! கட்டிலை விட்டு இறங்க முடியாது, ஆனா சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு குழாயடிக்குப் போவா, அங்கயே அரை மணி நேரம் உக்காந்து மூச்சு வாங்குவா, கழுவிட்டு வந்து மாட்டுவா, மாட்டிட்டு ஏதோ ஒரு காகிதத்துல பேனாவால கிறுக்குவா. ஓடாத மெஷினுக்கு என்னத்துக்குடி ஃபில்டர்னு சத்தம் போடுவேன். ரிப்பேராகி வந்ததும் ஓடணும்லங்கன்னா ஒரு தடவை. விரல்ல எண்பத்தி ஒண்ணு காட்டுச்சு அன்னைக்கு. உதடெல்லாம் நாவப்பழம் தின்ன மாதிரி இருக்கும்.

ஜூன் பதினேழு, செவ்வாய்க்கிழமை. மேனேஜரைப் பாத்தே தீர்றதுன்னு மூணாம் தடவை கிளம்பினேன். சிலிண்டர்ல முள்ளு சிவப்புக்கிட்ட இருந்துச்சு. சாயங்காலம் வந்து மாத்திக்கலாம்னு கணக்கு. எதுத்த வீட்டு ரஞ்சிதத்தை வந்து உக்காந்திருக்கச் சொன்னேன். ஆட்டோ வாசல்ல நிக்குது. நான் மெஷினைத் தூக்குறேன், பாக்கியம் கட்டில்ல இருந்து கையை நீட்டி மெஷினைப் பிடிச்சுக்கிட்டா. விட மாட்டேங்குறா. அந்தப் பின்னாடி மூடியைப் போட்டு நெம்புறா. பேச்சு வரல, மூடியைக் காட்டுறா, என் முகத்தைப் பாக்குறா, மூடியைக் காட்டுறா. கையை எடு பாக்கியம், ஃபில்டரெல்லாம் சுத்தமாத்தான் இருக்கு, பஸ்ஸு போயிரும்னேன். கையை நான்தான் எடுத்து விட்டேன். கை சில்லுன்னு இருந்துச்சு.

அன்னைக்குக் கூட்டம். என் டோக்கன் நாப்பத்திரெண்டு. முப்பத்தொம்பது ஓடும்போது போன் அடிச்சுச்சு, ரஞ்சிதம். சரி, எப்ப வருவீங்கன்னு கேக்கும்னு விட்டுட்டேன். நாப்பதுல மறுபடி அடிச்சுச்சு. நாப்பத்தொண்ணு கூப்பிட்டாங்க, மறுபடி. இப்ப எடுத்துப் பேச ஆரம்பிச்சா என் நம்பர் போயிரும், அப்புறம் கடைசியில போய் நிக்கணும். சைலண்ட்ல போட்டேன். நாப்பத்திரெண்டு. மேனேஜர் லீவாம் அன்னைக்கு. வெளிய வந்து போனைப் பாத்தா பதினோரு மிஸ்டு கால்.

நான் போகும்போது தெருவுல ஷாமியானா கட்டிக்கிட்டிருந்தாங்க. மெஷினோடதான் இறங்கினேன். எங்க வைக்கிறதுன்னு தெரியல. ஷாமியானாக்காரன் கயிறு கட்டுற கல்லுக்குப் பக்கத்துல வச்சேன்.

வேண்டாம் தம்பி, தண்ணியெல்லாம் வேண்டாம். இது தூசி.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு செல்வராணி பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பினா. போகும்போது, உனக்கு அந்த பில்லுதான்ப்பா பொண்டாட்டின்னுட்டுப் போனா. இன்னைக்கு வரைக்கும் ஒரு போன் இல்ல. பெத்த அப்பனைப் பேசுற பேச்சா இது? யாருக்காக அலைஞ்சேன் நான்? சொல்லுங்க.

நான் விடல. ஹெட் ஆபீஸுக்கு ரிஜிஸ்டர் தபால், அக்னாலட்ஜ்மெண்ட் கார்டோட. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன்னு ரெண்டாவது தபால். மூணாவதுக்கு மேனேஜரே போன் பண்ணினார். மெஷினைக் கொண்டு வாங்க சார், ஒரு தடவை பாத்துருவோம்னு. வந்தேன் இன்னைக்கு. மேனேஜர் என் முன்னாடியே ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டு, சீரியல் நம்பரைச் சரியாக் குறிங்க, மூடியைக் கழட்டிட்டுத் தூசி இருக்கான்னும் பாருங்கன்னார். அந்தாளு பின்னாடி மூடியை நெம்பி எடுத்தார். ஸ்பாஞ்சுக்கும் மூடிக்கும் நடுவுல ஒரு பிளாஸ்டிக் கவர், பால் பாக்கெட்டை வெட்டிக் கழுவின கவரு. உள்ள நாலா மடிச்ச காகிதம்.

ஜெராக்ஸ் தம்பி. பில்லோட ஜெராக்ஸ். வாங்கின அன்னைக்கே, நான் மெஷினை ஆட்டோவுல ஏத்திக்கிட்டிருந்தப்போ, பக்கத்துக் கடையில எடுத்திருக்கா. தேதி, சீரியல் நம்பர், கடைப் பேரு, அச்சடிச்ச மாதிரி இருக்கு. நான் பதறிப்போய், சார், இது ஜெராக்ஸ்தான், ஒரிஜினல் என்கிட்ட ஃபைல்ல இருக்குன்னேன். மேனேஜர் அதை வாங்கிப் பாத்துட்டு, இது போதுமே சார், இதை முதல்லயே குடுத்திருக்கலாமேன்னார்.

இது போதுமேன்னார்.

அந்தக் கவுண்டர் பொண்ணும் அங்கதான் நின்னுச்சு. சார், வேற ஏதாவது இருக்கான்னு நான் கேட்டேனேன்னுச்சு. கேட்டுச்சுதான். ஜெராக்ஸ் இருக்கான்னு கேட்டிருக்கணும்ல? கேக்கலையே. கேட்டிருந்தா... கேட்டிருந்தாலும் செல்லாதுன்னுதான் சொல்லியிருப்பேன். நானே சொல்லியிருப்பேன்.

இருபது நிமிஷம் தம்பி. ஏதோ ஒரு சின்ன வால்வு, சுண்டு விரல் தண்டி. மாத்திட்டு சுவிட்சைப் போட்டதும் புஸ்ஸு புஸ்ஸுன்னு ஓட ஆரம்பிச்சுருச்சு. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் நான் பாட்டுக்கு பாக்கியம்னு கூப்பிட்டுட்டேன். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. மேனேஜர்தான், உக்காருங்க சார், உக்காருங்கன்னு சேரை இழுத்துப் போட்டார். மூணு தடவை இந்த மெஷினை மடியில வச்சுக்கிட்டு இதே பஸ்ஸுல வந்திருக்கேன். மூணு தடவையும் அந்தக் காகிதம் இதுக்குள்ளதான் இருந்திருக்கு. காட்டினாளே, அந்த மூடியைக் காட்டினாளே. நான் கையை எடுத்து விட்டுட்டேன்.

இனிமே யாருக்கு இந்த மெஷினுன்னுதானே பாக்குறீங்க? வாரண்டி இன்னும் அஞ்சு மாசம் இருக்கு தம்பி. ஜனவரி இருபத்தொண்ணு வரைக்கும்.

இந்தா, இதுதான் அந்தக் காகிதம். மேனேஜர் ஒரு காப்பி எடுத்துக்கிட்டு இதைத் திருப்பிக் குடுத்துட்டார். பின்பக்கம் பாருங்க. மில்லுல கத்துக்கிட்ட எழுத்து, கொஞ்சம் கோணலாத்தான் இருக்கும். ஃபில்டர் கழுவின தேதி. வாங்கின வாரத்துல இருந்து, வெள்ளி வெள்ளி, ஒரு வாரம் விடல. நான் முப்பத்தோரு வருஷம் ரெஜிஸ்டர் எழுதினவன், இப்படி ஒருநாள் விடாம நான் எழுதினதில்ல. மெஷினு நின்னது மே பத்துல்ல? அதுக்கப்புறம் பாருங்க. மே பதினாறு. இருபத்தி மூணு. முப்பது. ஜூன் ஆறு. பதிமூணு. எழுத்து இறங்கிக்கிட்டே வருது பாத்தீங்களா, கடைசி மூணு பாதிதான் விழுந்திருக்கு.

காரியாபட்டி வந்துருச்சு போல, எந்திரிங்க, பாத்து. காலை மெஷின் மேல வச்சுராதீங்க. இன்னைக்கு வெள்ளிக்கிழமைதானே? ஒம்பது வாரம் விட்டுப் போச்சு. போனதும் ஃபில்டரைக் கழுவணும். எப்படிக் கழட்டுறதுன்னு மெக்கானிக்கிட்ட கேட்டு வச்சிருக்கேன்.

தம்பி, பேனா இருந்தா குடுத்துட்டுப் போங்களேன். என் பேனாவை அங்க கவுண்டர்லயே விட்டுட்டு வந்துட்டேன்.